முப்பத்தொன்பதரை மணி நேரம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். நேரில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட ஆறு வயது மூத்த முதலாளிக்குக்கூட அக்காதான். உலகத்தில் எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும், இடையில் எத்தனை கிலோமீட்டர், விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும், நடுவில் எங்கே இறங்கி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், மொத்தத்தில் ஆள் போய்ச் சேர எத்தனை மணி நேரம் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிடுவார். சொன்னதைப் பழைய டிக்கெட் உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, கடைசி எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு போட்டு, கண்ணாடித் தடுப்புக்குக் கீழே தள்ளுவார். "பறக்கிற நேரம் வேற, போய்ச் சேர்ற நேரம் வேற. ரெண்டாவதைப் பாருங்க," என்பார். இதை நான் நாளைக்கு இருபது தடவை கேட்டிருக்கிறேன்.

விமான டிக்கெட் எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. கைபேசி வராத காலம். டிக்கெட் என்றால் நான்கு தாள் ஒட்டிய புத்தகம், தொட்டால் விரலெல்லாம் சிவப்பு மை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. முன்னால் இரண்டு மேஜை, ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. பின்னால் முதலாளியின் அறை, அதற்குள் முதலாளியின் தூக்கம். சுவரெல்லாம் கடற்கரைப் படங்கள். அதில் ஒரு கடற்கரையில்கூட எங்கள் இரண்டு பேரின் கால் பட்டதில்லை. மாதா மாதம் ஒரு கால அட்டவணைப் புத்தகம் வரும். உலகத்தில் ஓடுகிற விமானம் அத்தனையும் அதில் பொடி எழுத்தில் இருக்கும். அவ்வளவு தடிமன் என்பதால் அதற்குத் தலையணை என்று பெயர். முதலாளி நிஜமாகவே அப்படிப் பயன்படுத்தியதும் உண்டு.

கல்யாணத்துக்குப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், சும்மா சுற்றப் போகிறவர்கள் எல்லாம் என் மேஜைக்கு. சாவுக்குப் போகிறவர்கள் அக்கா மேஜைக்கு. இப்படிப் பிரித்தது முதலாளி. அழுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அக்காவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. வந்தவர் விசும்பிக்கொண்டே உட்காருவார். அக்கா ஒரு வாய் தண்ணீர்கூடத் தரமாட்டார். "உயிர் இருக்கா, போயிடுச்சா?" இதுதான் முதல் கேள்வி. "டாக்டர் எத்தனை மணி நேரம்னு சொன்னார்?" இது இரண்டாவது. பிறகு பென்சில் ஓடும். வந்த எண்ணோடு இரண்டு மணி நேரம் தனியாகச் சேர்ப்பார். அதற்கு அழுகைக் கணக்கு என்று பெயர். "பாஸ்போர்ட்டைத் தேடுவீங்க. பாதி வழியில அடுப்பை அணைச்சோமான்னு திரும்பி வருவீங்க. வாசல்ல நின்னு அழுவீங்க. அதுக்கு ரெண்டு மணி நேரம்." நானும் ஆரம்பத்தில் சிரித்தேன். போய்விட்டுத் திரும்பி வந்தவர்களைக் கேட்டுப் பார்த்த பிறகு சிரிப்பதை விட்டுவிட்டேன்.

ஒருநாள் லாரி டிரைவர் ஒருவர் கழுத்தில் ஈரத் துண்டோடு வந்தார். அவருடைய அண்ணன் வெளிநாட்டில் சாகக் கிடந்தார். அக்கா எழுதிப் பார்த்தார்.

"முடியாதுங்க. நீங்க இறங்கறப்ப அடக்கம் பண்ணி ஒரு நாள் ஆகியிருக்கும். வீட்டுக்குப் போங்க."

"எப்படியாவது பாருங்கம்மா."

"எப்படியாவதுன்னு ஒரு பிளேன் இல்லைங்க."

அந்த மனிதர் வெளியே போய்ப் படியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாமே அக்கா," என்றேன். "பதமா சொன்னா பிளேன் வேகமா போகுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கல் நெஞ்சம் என்று அவரைத் திட்டிக்கொண்டே போனவர்கள் அநேகம் பேர். ஆனாலும் வீட்டில் ஒரு சாவு என்றால் அதே ஆட்கள் இங்கேதான் வந்து நின்றார்கள். மற்ற இடங்களில் "போயிடலாம், போயிடலாம்" என்று டிக்கெட்டைத் தலையில் கட்டிவிடுவார்கள். கடிகாரம் பொய் சொல்லாது என்று ஊருக்கே தெரியும்.

அவர் விமானத்தில் ஏறியதே இல்லை என்பது ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவருடைய பாஸ்போர்ட் இரண்டு முறை காலாவதியானது. இரண்டிலும் ஒரு முத்திரைகூட இல்லை.

அப்பா போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்குப் பதினொன்று. அக்கா படிப்பை நிறுத்திவிட்டு டைப் அடிக்க இங்கே வந்து உட்கார்ந்தார். தங்கை படித்தாள், மேலே படித்தாள், அதற்கும் மேலே படிக்கிறேன் என்று உலகத்தின் மறுமூலைக்குப் போனாள். அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். இங்கிருந்து அந்த ஊருக்குப் பதினாலாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். ஒரே ஒரு இடத்தில் இறங்கி மாறினால் இருபத்தொரு மணி நாற்பது நிமிடம். நம்முடைய கடிகாரத்தைவிட அங்கே பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். காரணம், அவர்களுடைய அம்மா.

அந்த அம்மா மாதத்துக்கு ஒரு தடவை சின்ன மகளோடு பேச எங்கள் அலுவலகத்துக்கு வருவார். வெளிநாட்டுக்குப் பேசும் வசதி இங்கேதான் இருந்தது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு சிரிப்பார். பேசி முடித்ததும் முகம் முழுக்கப் பூரிப்போடு என் பக்கம் திரும்புவார். "பதினாலாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்! பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரியே கேக்குதும்மா!" பெரிய மகள் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போகிற போக்கில் ஒரு வார்த்தை வரும். "மாத்திரை வாங்கிட்டியா?"

விமானக் கம்பெனிகள் எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கு வருஷத்தில் ஒரு இலவச டிக்கெட் தருவார்கள். அக்கா மூன்று வருஷம் வேண்டாம் என்றார். அம்மாவைத் தனியாக விட முடியாதாம். நான்காவது வருஷம் துணிந்துவிட்டார். தங்கையின் ஊருக்கேதான். நீல நிறத்தில் ஒரு பெட்டி வாங்கினார். அதை மதிய இடைவேளையில் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். சக்கரம் வைத்த பெட்டி. அலுவலகத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருட்டிக் காட்டினார். அவர் அப்படிக் குழந்தை மாதிரி சிரித்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முதல் நாள் அந்த அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து வாயுத் தொல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் விமானம் போய்விட்டது. போகட்டும், வயதானவர், வலிக்கத்தான் வலித்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டே மாதத்தில் தங்கைக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று தகவல் வந்ததும் அதே அம்மா அதே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டு அதே வழியில் கிளம்பிவிட்டார். அக்காதான் டிக்கெட் எழுதினார். சக்கர நாற்காலி, நடைபாதை ஓரத்து சீட், காரமில்லாத சாப்பாடு, எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டார்.

"இப்ப உங்கம்மாவுக்கு நெஞ்சு வலிக்கலையா?" என்று நாக்கில் நரம்பில்லாமல் கேட்டுவிட்டேன்.

"அங்க பேத்தி இருக்கால்ல," என்றார் அக்கா.

ஏழு மாதம் கழித்து அந்த அம்மா திரும்பினார். அதன் பிறகு அவருக்கு இந்த வீடு பிடிக்கவில்லை. தண்ணீர் பிடிக்கவில்லை, படுக்கை பிடிக்கவில்லை, அக்கா சமைத்தது எதுவும் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தால் சின்னவள் வீட்டு ஜன்னல், சின்னவள் வீட்டுக் குழாயில் வரும் வெந்நீர். வந்த ஆறாவது மாதம் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதிலிருந்து ஐந்து வருஷம் அக்காதான் தூக்கி உட்கார வைத்தது, கழுவியது, துடைத்தது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து எல்லாம் முடித்து, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு அலுவலகம். அந்த ஐந்து வருஷத்தில் தங்கை ஒரே ஒரு தடவை வந்தாள், பத்து நாள்.

அம்மாவைப் போன் பேச அக்கா ஆட்டோவில் வைத்துக் கூட்டி வருவார். அப்படி வந்த ஒருநாள் அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "பாவம் சின்னவ. அவ்ளோ தூரத்துல இருந்துக்கிட்டு எப்படி அடிக்கடி வருவா?"

அக்கா தலையைத் தூக்காமல் சொன்னார். "இருபத்தொரு மணி நாற்பது நிமிஷம்தான். அது ஒண்ணும் பெரிய தூரம் இல்லைம்மா."

"உனக்கென்ன தெரியும்? நீ பிளேன்ல போயிருக்கியா?"

என் எதிரில், இரண்டு வாடிக்கையாளர்கள் எதிரில் இதைக் கேட்டார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அந்தக் கிழவியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அக்கா செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு அவரை மட்டும் ராட்சசி என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ராட்சசிதான். ஆனால் அவர் ஒருத்தி மட்டும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தார். அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது, முந்தின நாள்தான் சேர்த்திருந்தார். தன் வாடிக்கையாளர்களிடம் கேட்கும் கேள்வியை டாக்டரிடமும் கேட்டிருக்கிறார். "எத்தனை மணி நேரம்?" ஒன்றரை நாள் தாங்கலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். நினைவு மட்டும் நன்றாக இருக்கிறதாம்.

போனைச் சுழற்றினார். தங்கையின் ஊரில் அப்போது முதல் நாள் இரவு ஒன்பதரை மணி. அவள் குரல் ரிசீவருக்கு வெளியே எனக்கே கேட்டது.

"அக்கா, இப்ப கிளம்பினா அம்மாவைப் பார்த்துடுவேனா? நீ சொன்னா சரியா இருக்கும். பார்த்துடுவேனா?"

"கிளம்பு. பார்த்துடலாம்."

"எதுல வரணும்னு நீயே போட்டுடுக்கா. நான் நேரா ஏர்போர்ட் போறேன்."

அந்த நாளில் அப்படி ஒரு வசதி உண்டு. இங்கே எழுதி அனுப்பினால் அங்கே விமான நிலையத்தில் டிக்கெட்டை வாங்கிக்கொள்ளலாம். அக்கா "லைன்லயே இரு," என்று சொல்லி ரிசீவரை மேஜைமேல் வைத்தார். நான் கம்ப்யூட்டரில் ஊர்ப் பெயர்களைத் தட்டினேன். முதல் வரியிலேயே வந்துவிட்டது. ஐந்து மணி நேரத்தில் அங்கே கிளம்புகிறது, ஒரு இடத்தில் மாறி, மறுநாள் புதன்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு இங்கே இறங்குகிறது. நான்கு சீட் காலி. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கையைப் பொத்தானுக்குக் கொண்டுபோனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"அது வேண்டாம். கீழ போ."

"அக்கா, நாலு சீட் இருக்கு."

"கீழ போம்மா."

ஒரு பக்கம் போனேன். இரண்டு பக்கம் போனேன். மூன்றாவது பக்கத்தின் அடியில் அவர் விரல் நின்றது. மூன்று விமானம். முதலாவது பத்து மணி ஐம்பது நிமிடம், பிறகு நடு ஊரில் பதிமூன்று மணி பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவது ஏழரை மணி நேரம், பிறகு இன்னொரு ஊரில் நான்கு மணி பத்து நிமிடம். மூன்றாவது மூன்று மணி ஐம்பது நிமிடம். வியாழக்கிழமை காலை ஏழரைக்கு இறங்கும். மொத்தம் முப்பத்தொன்பதரை மணி நேரம். பென்சிலை எடுக்காமல் நானே மனசில் கூட்டிவிட்டேன், அவர் அருகில் அத்தனை வருஷம் உட்கார்ந்த பலன். ஒன்றரை நாள் என்றால் முப்பத்தாறு மணி நேரம் என்பதும் எனக்குத் தெரியும்.

"நீ அடி," என்றார்.

அடித்தேன். அவருக்கு வேறு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பொய். அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்தது. பயந்தேன், அவ்வளவுதான்.

அக்கா ரிசீவரை எடுத்தார். "நேர் வழியில சீட் இல்லைடி. சுத்து வழிதான் கிடைச்சுது."

"பரவாயில்லைக்கா. எவ்ளோ நேரம் ஆகும்?"

"வந்துடுவ," என்றார். எண் சொல்லாமல் அவர் ஒருவருக்குப் பதில் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன்.

போனை வைத்துவிட்டு திரையைப் பார்த்தார். அவரே ஆரம்பித்தார்.

"அவ வந்து நின்னா அந்த ரூம்ல நான் யாரு? மருந்துச் சீட்டைத் தூக்கிட்டு ஓடறவ. அஞ்சு வருஷம் பீ மூத்திரம் அள்ளினது நான். கடைசியா எங்கம்மா பாக்கிற முகம் என் முகமா இருக்கட்டும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்." குரலில் நடுக்கம் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட் கேட்கிற மாதிரி கேட்டார். பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

மறுநாள் புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அலுவலகப் போன் அடித்தது. நடு ஊரின் விமான நிலையத்திலிருந்து தங்கை. காசு போட்டுப் பேசும் போன். பின்னால் அறிவிப்புக் குரல்கள்.

"அக்கா இல்லையா? அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. அக்கா ஆஸ்பத்திரியில."

"என்னை இங்க பதிமூணு மணி நேரம் உக்கார வச்சிருக்காங்கங்க. வேற பிளேனே இல்லையா? நின்னுக்கிட்டு வரச் சொன்னாக்கூட வர்றேன். கொஞ்சம் பாருங்களேன்."

"சீட் இல்லைங்க," என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அந்தப் பக்கம் காசு தீர்ந்து லைன் போய்விட்டது. தீர்ந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் நான்.

பத்தரைக்கு அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். தலையணையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். எதற்கு என்று புரியாமல் அந்தத் தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆறு கட்டில் போட்ட கூடம், கடைசிக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை. அந்த அம்மா முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மூச்சு குழாயில் இரைந்தது. கண் மட்டும் துடைத்து வைத்த மாதிரி தெளிவாக இருந்தது. அக்காவைப் பார்த்தேன். ஒரு ராத்திரியில் பத்து வயது கூடியிருந்தது.

"நேத்துல இருந்து இதையேதான் கேக்கறாங்க," என்று என் காதருகில் சொன்னார். "மணிக்கு நாலு தடவை. கணக்கு எனக்கே மறந்து போச்சு. அதான் புத்தகம்."

அவர் ஆசைப்பட்டு வாங்கிய நேரம் அது. அந்த நேரம் முழுவதும் அவர் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். நான் உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே எனக்கும் கேட்டது.

"சின்னவ எங்க வந்துட்டா?"

அக்கா புத்தகத்தைப் புரட்டினார். "முதல் பிளேன் முடிஞ்சுதும்மா. நடுவுல ஒரு ஊர்ல இருக்கா."

"எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கா?"

"ஒன்பதாயிரத்து ஐந்நூறு."

"மிச்சம் எவ்ளோ நேரம்?"

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை. "இருபது மணி நேரம்," என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதோ வந்துட்டா, பக்கத்தில் வந்துட்டா என்று எதையாவது சொல்லி வைக்கலாம். சாகப்போகிறவரிடம் யார் நிமிஷக் கணக்குச் சொல்வார்கள்? அக்கா சொன்னார். அத்தனை வருஷம் சரியான எண்ணையே சொல்லிப் பழகிய வாய், யாராவது நேரம் கேட்டால் அதற்கு வேறு பதில் தெரியாது. தங்கையிடம் மறைத்ததை அம்மாவிடம் மறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்த அம்மா ஒரு தடவை நேர் வழியில் போய் வந்தவர் என்பதை அக்கா மறந்தே போனார்.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். ஒரு மணி நேரம் கழித்துக் கண் திறந்தது.

"நான் போனப்ப ஒரு எடத்துலதானே இறங்கினேன்?"

"ஆமாம்மா."

"கிளம்பின மறுநாளே அவ வீட்ல இருந்தேன்." மூச்சு வாங்கியது. ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அவ நேத்து கிளம்பிட்டாள்ல?"

"கிளம்பிட்டாம்மா."

"அப்ப இந்நேரம் வந்திருக்கணுமே."

நானும் அக்காவும் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தோம். பன்னிரண்டு நாற்பத்தைந்து. நேர் வழி விமானம் இறங்கி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

"சீட் கிடைக்கலைம்மா," என்றார் அக்கா.

"உனக்கா?" அந்த அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் சீட் வாங்கித் தர்றவ நீ. உனக்கா கிடைக்கலை?"

அக்கா மறுபடியும் புத்தகத்தைப் புரட்டினார். அந்த அம்மா கத்தவில்லை, சபிக்கவில்லை. கழுத்தை மெல்ல, மிகவும் கஷ்டப்பட்டு, இந்தப் பக்கமாகத் திருப்பினார். இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

"நீ சொல்லும்மா. எங்க வந்துட்டா?"

"வந்துட்டே இருக்காங்க அம்மா," என்றேன்.

அதன் பிறகு அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடமே கேட்டார், நானும் அதையே சொன்னேன். இரண்டரை மணி இருக்கும், அக்கா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்து, என்னை நகரச் சொல்லி, அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "அம்மா, என்னைப் பாரேன்," என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கழுத்து மறுபடியும் திரும்பியது, அந்தப் பக்கமாக. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அந்த அம்மாவின் கண் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். "வந்துட்டே இருக்காங்க," என்றேன்.

மூன்று நாற்பதுக்கு முடிந்தது. தங்கை அப்போது நடு ஊரில் இரண்டாவது விமானத்தில் ஏறிக்கொண்டிருந்திருப்பாள். நேர் வழியில் வந்திருந்தால் இரண்டு மணிக்கே இந்தத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்திருப்பாள். கடைசியாக அந்த அம்மா பார்த்த முகம் என்னுடையது. மாதம் ஒரு தடவை போன் சுழற்றிக் கொடுத்த யாரோ ஒருத்தியின் முகம். அக்கா அழவில்லை. தலையணைப் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்து, "ஆபீஸ்ல வச்சிடு," என்றார்.

வியாழக்கிழமை காலை தங்கை வந்தாள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். கையிலிருந்த பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அவள் அழுததை நான் விவரிக்கப் போவதில்லை. பதினொரு மணிக்கு எல்லாம் ஆயிற்று. வந்தவர்கள் போனார்கள். மத்தியானம் சமையலறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். தங்கை தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"சனிக்கிழமை கிளம்பணும்க்கா. குழந்தைங்களை அவர் எத்தனை நாள் பார்த்துப்பார்."

"நேர் வழியிலயே போட்டுடறேன்," என்றார் அக்கா. "இருபத்தொரு மணி நாற்பது நிமிஷம்."

"அதுல சீட் இருக்கா?"

"இப்ப இருக்கு."

தங்கை தலையை ஆட்டினாள். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அக்காவைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது. பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அம்மா என்னைக் கேட்டாங்களா?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

"இல்லை."

"ஒரு தடவைகூடவா?"

"நினைவெல்லாம் நல்லாத்தான் இருந்தது. என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. என்னைப் பார்த்துக்கிட்டேதான் போனாங்க."

தங்கை என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கூட இருந்தீங்கன்னு சொன்னாங்க. என்னைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையா?"

சொல்லியிருக்கலாம். ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் பாதி, மணிக்கு நாலு தடவை உங்களைத்தான் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எங்கே வந்துட்டா என்று கேட்டதைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஏன் வரவில்லை என்பது வரும், அந்த டிக்கெட் வரும், அதை அடித்த விரல்கள் வரும். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பற்றி அவருக்கு அவ்வளவு நிச்சயம். அருவருப்பாக இருந்தது, அவர்மேல் இல்லை.

"கேக்கலைங்க," என்றேன்.

தங்கை சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அவ்ளோ தூரத்துல போய் இருந்தா அப்படித்தான்," என்றாள்.